மேட்டில் உலுக்கும் வண்டி

மங்களம் அக்காவின் பிக்கப்பில் பேய் இருக்கிறது என்று எங்கள் ஊர் குனோங் ராபாட்டில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர் பேய் என்று சொல்ல மாட்டார்கள், பழனியப்பன் அண்ணன் என்று பேரையே சொல்வார்கள். எனக்கு இரண்டுமே எரிச்சல். பட்டறை வைத்துப் பிழைக்கிறவனிடம் வந்து வண்டியில் ஆவி உட்கார்ந்திருக்கிறது என்றால், நான் எதைக் கழற்றி எதை மாட்டுவது?

அக்காவுக்கு வாழையிலை வியாபாரம். பத்து காஜா ஊருக்கு அந்தப் பக்கம், ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது செம்பனை எண்ணெய்த் தோட்டமாகிவிட்ட நிலத்தின் ஓரத்தில் வாழை போட்டிருக்கிறார். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான் பிறந்தார். லயத்தை இடித்த பிறகு எங்கள் வீட்டு வரிசைக்குக் குடி வந்தார். விடிந்ததும் போய் இலை அறுத்து, வெயில் ஏறுவதற்குள் ஈப்போ பாசாரில் இறக்கிவிடுவார். அவரிடம் பேரம் பேசி வாய் கொடுத்து மீண்ட கல்யாண மண்டபக்காரர் யாரும் இல்லை.

முன்பு வண்டி ஓட்டியது அவர் கணவர் பழனியப்பன். ஒரு நாள் இலை ஏற்றிக்கொண்டு வரும்போது, முனியாண்டி கோயில் மேட்டில், "கொஞ்சம் இரு, மங்களம்" என்று வண்டியை ஓரங்கட்டினார். அப்படியே ஸ்டியரிங்கில் சாய்ந்தார். அவர் நெஞ்சு ஹாரனை அழுத்த, செம்பனைக் காடு முழுக்க அது அலறிக்கொண்டே இருந்ததாம். அக்கா அவரைத் தூக்கி நிமிர்த்திய பிறகுதான் சத்தம் நின்றதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் கழிந்ததும் அக்கா லைசென்ஸ் எடுத்தார். வண்டியை விற்றுவிடலாம் என்று மகன் தனேஸ்வரன் கெஞ்சினான், அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கணவர் செத்த அதே இருக்கையில் உட்கார்ந்து, அதே மேட்டில் வண்டி ஏற்றினார். ஹாரனை மட்டும் இன்றுவரை தொட்டதில்லை.

முதல் தடவை அந்த மேட்டில் வண்டி உலுக்கியபோது, ஸ்டியரிங் அவர் கைக்குள் கிடந்து நடுங்கியிருக்கிறது. இறங்கிக் கோயிலுக்கு ஓடினார். மனுசனுக்குப் போக மனமில்லை, வண்டியிலேயே தங்கிவிட்டான் என்றார் பூசாரி. வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரை மந்திரித்துக் கொடுத்து, வெள்ளிக்கிழமைதோறும் வண்டியின் நெஞ்சில் தெளித்து அவரை அனுப்பிவிடச் சொன்னார். வண்டிக்கு நெஞ்சு எஞ்சின்தானே? அக்கா பானெட்டைத் திறந்தார். தெளிக்கச் சொன்னால் செம்போடு கவிழ்க்கிற கை அது. ஊற்ற ஊற்ற உலுக்கல் கூடியது. உலுக்கல் கூடக் கூட அக்காவும் ஊற்றினார்.

ஒரு சனிக்கிழமை, கல்யாணத்துக்கு இலை ஏற்றிய வண்டி மேட்டில் நின்றுவிட்டது. எனக்குப் போன் வந்தது.

"தர்மா, வண்டி ஏற மாட்டேங்குதுலா. அவரு விட மாட்டேங்கிறாரு."

"யாருக்கா?"

"உங்க அண்ணன்தான், வேற யாரு?"

வழி நெடுகத் திட்டிக்கொண்டே போனேன். போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. கோயிலில் ஆள் இல்லை. அக்கா தள்ளி ஓரமாக நின்றிருந்தார். செம்பனை மரங்களுக்கு நடுவே வண்டி மட்டும் எஞ்சின் ஓட நின்று, விட்டு விட்டு உடம்பை உலுக்கியது. மூச்சுத் திணறுகிறவனின் தோள் அப்படித்தான் ஏறி இறங்கும். உண்மையைச் சொல்வதென்றால், கிட்டே போவதற்கு முன் கோயில் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

பானெட்டைத் திறந்தேன். நாலு சிலிண்டர் எஞ்சின். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற காயில் ஒவ்வொன்றின் வயராகப் பிடுங்கி மாட்டினேன். வேலை செய்கிற சிலிண்டரின் வயரைப் பிடுங்கினால் எஞ்சின் இன்னும் மோசமாகத் திணறும். ஒன்றும் இரண்டும் நான்கும் அப்படித்தான் திணறின. மூன்றாவதைப் பிடுங்கியபோது சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. அது ஏற்கெனவே செத்துக் கிடந்தது.

எஞ்சினை அணைத்து அந்தக் காயிலை உருவினேன். அதன் ரப்பர் உறை மஞ்சளாக இருந்தது. பிளக் உட்காரும் குழிக்குள் டார்ச் அடித்தேன். தண்ணீர் தேங்கி நின்றது. அதில் ஒரு வேப்பிலை மிதந்தது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தாங்கக்கா, உங்க பேய். தண்ணி எறங்குனா எப்படி நெருப்புப் பொறி வரும்? மொதல்ல பிளக்கு தேஞ்சிருக்கும். பாரத்தோட மேடு ஏறுறப்பதான் அது காட்டும், அதான் இங்க வந்து ஒலுக்கிருக்கு. அதுக்கப்புறம் எல்லாமே நீங்க ஊத்துன தண்ணிதான்லா."

பெரிதாக ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அக்கா அந்தக் குழியையே பார்த்தார்.

"அப்ப அவரு இதுல இல்லியா?"

"இல்லக்கா."

"எப்பவுமே இல்லியா?"

நான் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"நான் தெனமும் பேசிக்கிட்டுதான் வருவேன் தர்மா. போயிடுங்க, போயிடுங்கன்னு திட்டுவேன். இந்த மேட்டுக்கு வந்ததும் ஒலுக்குவாரு. போக மாட்டாராம்னு நெனச்சுக்குவேன். திட்டுனாலும் உள்ளுக்குள்ள நிம்மதியா இருக்கும்."

 துணி விட்டுத் தண்ணீரை உறிஞ்சி, குழியைக் காயவைத்து, கையோடு கொண்டு போயிருந்த புது பிளக்கையும் காயிலையும் மாட்டினேன். அக்கா ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி ஒரு நடுக்கமும் இல்லாமல் மேட்டில் ஏறியது. நான் அதுவரை ரிப்பேர் செய்த எந்த வண்டியும் அவ்வளவு அமைதியாக ஏறி என்னைப் பயமுறுத்தியதில்லை. 

அடுத்த வாரம் அதே வண்டி என் பட்டறை வாசலில் உலுக்கிக்கொண்டு நின்றது. மூன்றாவது காயிலை உருவினேன். மறுபடியும் மஞ்சள். ஈரம் காயாத புது மஞ்சள்.

"அவ்வளவு சொல்லியுமாக்கா? பூசாரி பேச்சக் கேட்டு மறுபடி வெரட்டுறீங்களா?"

"பூசாரிகிட்ட போகல. நானே கரைச்சேன்." அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "வெரட்ட இல்ல தர்மா. வரட்டும்னு."

"நடு மேட்டுல நின்னுச்சுன்னா தனியா கெடப்பீங்களேக்கா."

"நீ சரி பண்ணப்புறம்தான் தனியா போய்ட்டு வாரேன்" என்றார்.

எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. குழியைத் துடைத்தேன். காயவைத்தேன். காயிலை மாட்டி, பானெட்டை மூடி, ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். எஞ்சின் சீராக ஓடியது. பின்னால் வந்த லாரிக்காரன் வழி கேட்டு ஹாரன் அடித்தான். அக்கா கியர் போடவில்லை. எங்காவது ஒரு தடவையாவது உலுக்குமா என்று, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.