சுண்டுவிரலில் ஊசி படாது

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்வேன், சிலதை மறந்தே போவேன். நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூசுகிறவள் இதை எழுதத் துணிந்ததற்குக் காரணம் ஒன்றுதான். இந்த நோய் வந்திருந்தும், வந்ததே தெரியாமல் இருக்கிற பெண் எவளாவது இதைப் படிக்கக்கூடும். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்டது ரத்தம். வலி இல்லை.

எங்கள் ஊர் மீனாட்சிபுரத்துக்குப் பக்கம். மாடும் பாலும் கொஞ்சம் நிலமும் உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டேன். பகலில் பால் வேலை முடிந்ததும் மிஷன் பங்களாவின் பின்கட்டுக்குப் போவேன். அங்கே ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து துண்டுப்போர்வை தைப்போம். மலைமேல் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் வீடுகளுக்கு அவை போகும். வெள்ளைக்கார மிஸ்ஸம்மா சொல்லிக் கொடுத்த வேலை.

காகிதத்தை ஆறு மூலையாக வெட்டி, அதன்மேல் சீட்டித் துணியை வைத்து, ஓரங்களைப் பின்பக்கம் மடித்து நூலோட்டிக்கொள்ள வேண்டும். ஒரு துண்டு வெள்ளி ரூபாய் அகலம்தான் இருக்கும். இரண்டு துண்டை முகத்தோடு முகம் வைத்து ஒரு விளிம்பை நெருக்கித் தைப்போம். நடுத்துண்டைச் சுற்றி ஆறு சேர்ந்தால் ஒரு பூ. ஆறு பக்கமும் அடைபட்ட பிறகே உள்ளே இருக்கும் காகிதத்தை உருவலாம். முந்தி உருவினால் மூலை குலைந்துவிடும்.

ஊசியை வலக்கை தள்ளும். இடக்கை துணிக்கு அடியில் நின்று வாங்கும். வாங்குகிறவை ஆள்காட்டி விரலும் நடுவிரலும். புதிதாக வந்தவளுக்கு அந்த இரண்டும் குத்துப்பட்டே புண்ணாகும், பிறகு தோல் காய்த்துவிடும். குத்துப்பட்டும் ஒருத்தி முகம் சுளிக்காமல் இருந்தால், அவளுக்குக் கை காய்த்துவிட்டது என்று மற்றவர்கள் அவள் வாயில் கருப்பட்டி போடுவார்கள். அது அந்த அறையின் வழக்கம்.

ஒருநாள் நான் தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துண்டில் சிவப்பாக ஒரு பொட்டு. பார்க்கப் பார்க்கப் பெரிதானது. துணியைத் திருப்பினேன். மடிப்பில் குத்தி வைத்திருந்த வேறொரு ஊசி என் இடது சுண்டுவிரலில் பாதி ஏறி நின்றது.

பக்கத்தில் இருந்த கருப்பாத்தாள்தான் முதலில் பார்த்தாள்.

"ஏனம்மிணி, அது வெரலா, மாட்டுக் கொளம்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். "சுண்டுவெரலு வரைக்கும் காச்சுப்போச்சு. இவளுக்கு ரண்டு துண்டா போடோணும்" என்று இரண்டு துண்டு கருப்பட்டி போட்டாள். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

சுண்டுவிரலுக்கு இந்தத் தையலில் வேலையே கிடையாது. வேலை செய்யாத விரல் எப்படிக் காய்க்கும் என்று அந்த அறையில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு மரத்த விரல் என்றால் கைதேர்ந்த விரல்.

பிறகு இடது முழங்கைக்குக் கீழே வெளிறின படை ஒன்று வந்தது. தேமல் என்று குப்பைமேனி இலையை அரைத்துப் பூசினேன். அரிப்பில்லை, எரிச்சல் இல்லை. அதனால் நோய் என்றே நினைக்கவில்லை.

தெரியவந்தது அடுப்படியில். பால் பொங்குகிற நேரம் பாத்திரத்தைத் துணி போட்டு இறக்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வாசலில் இருந்து, "என்ன கருகற நாத்தம்?" என்று உள்ளே வந்தார். நானும் அதையேதான் தேடிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பார்த்தார். துணி நழுவி, சுண்டுவிரலும் மோதிர விரலும் பாத்திரத்தோடு ஒட்டியிருந்தன.

அவர் சத்தம் போடவில்லை. "கீழ வெய்யி" என்றார். அவ்வளவுதான். மறுநாள் பாலக்காட்டுக்கு வண்டி கட்டினார்.

பாலக்காட்டு டாக்டர் வயதானவர். கண்ணை மூடச் சொன்னார்.

"கோழி இறகால தொடுவேன். தொட்டதும் 'ம்' சொல்லும்மா."

நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தேன். வெளியே யாரோ தண்ணீர் சேந்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திற என்றார். அவர் முடித்துவிட்டிருந்தார்.

முழங்கைக்குப் பின்னால் இருக்கும் நரம்பை அமுக்கிப் பார்த்தார். கயிறு மாதிரி தடித்திருந்தது.

"என்ன வேலை செய்யறே?"

"துணி தைக்கறனுங்க. அதுல கை காச்சுப்போச்சுங்க."

"எந்த விரல்ல ஊசி வாங்குவே?"

காட்டினேன்.

"சுண்டுவிரல்ல?"

"அதுல ஊசி படாதுங்களே."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. டாக்டர் எழுந்து போய்க் கை கழுவினார்.

குஷ்டம் (பெருநோய்) என்பதை அவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். படியில் நின்றிருந்த மனுஷர் ஒரு படி கீழே இறங்கி நின்றார். குழந்தை உண்டா என்று டாக்டர் கேட்டார். இரண்டு வயதில் பெண் இருக்கிறாள் என்றார் இவர். உடனே பிரித்து வைக்க வேண்டும், பிள்ளைகளுக்குச் சீக்கிரம் ஒட்டும் என்றார் டாக்டர்.

நான் கேட்டது ஒன்றுதான். "எத்தன நாளைக்குங்க?"

"நாள் கணக்கில்லம்மா, வருஷம் ஆகும். மூக்கைச் சுரண்டிப் பார்த்து, கிருமி இல்லன்னு வந்தா வீட்டுக்குப் போகலாம்."

என் மகள் பெயர் சரசு. இரண்டு வயதுப் பிள்ளை ஒரு முகத்தை எவ்வளவு காலம் நினைவு வைத்திருக்கும்? அதை டாக்டரிடம் கேட்கவில்லை. அவள் என்னை மறப்பதற்குள் திரும்பிப் போய்விட வேண்டும். விரல் போனாலும் போகட்டும் என்று நினைத்தேன்.

பெருநோய் ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே இருந்தது. ஓட்டுக் கொட்டகைகள், சுற்றிலும் முள்வேலி, ஒரு வாயில். மருந்து மரோட்டி எண்ணெய் (நீரடிமுத்து என்று சொல்லும் காயின் விதையில் எடுப்பது). எங்கள் பக்கத்தில் அதை விளக்குக்கு ஊற்றுவார்கள். அங்கே ஊசியில் ஏற்றினார்கள். கெட்டி எண்ணெய் தசைக்குள் மெல்லத்தான் இறங்கும். ஊசி போட்ட இடம் வீங்கும், காய்ச்சல் வரும், சிலருக்குச் சீழ் கட்டும். இதைப் படிப்பவர்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இப்போது மாத்திரை வந்துவிட்டது என்கிறார்கள். அப்போது இருந்தது அதுதான்.

படையின்மேல் ஊசி போட்டால் வலிக்காது. மற்ற இடத்தில் போட்டால் உயிர் போகும். போகப்போக வலிக்கிற இடத்தில் போட்டால்தான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மிஸ்ஸம்மா ஒரு மூட்டை வெட்டுத்துணி அனுப்பினார். கூடவே, தைத்தது எதையும் பங்களாவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று ஒரு சொல்லும் வந்தது. எனவே சரசுவுக்கு ஒரு போர்வை தைப்பது என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த பாயில் பேச்சி இருந்தாள். காந்தலூருக்கும் அப்பால் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறின குடும்பம். நோய் கண்ணில் இறங்கி அவளுக்குப் பார்வை போயிருந்தது.

"ஏளா, எங்க தொரை மூடிப் படுத்ததெல்லாம் ஒன் கைவேலையா?"

"இருக்கும்."

"அப்போ அவனுக்கும் ஒட்டிருக்கும்ளா. நல்லா வேணும் அந்தச் சவத்துக்கு."

நோய் வந்தபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். கொஞ்ச நேரத்தில், நிஜமாகவே யாருக்காவது ஒட்டியிருக்குமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. என் சிரிப்பு நின்றதைக் கேட்டுப் பேச்சி, "பயப்படாதளா, அவ்வளவு ராசி நமக்குக் கெடையாது" என்றாள்.

உள்ளிருந்து வெளியே போகும் துணி எதுவானாலும் கொதிக்க வைத்துத்தான் போகும். அது ஆஸ்பத்திரிச் சட்டம். காகிதத்தோடு கொதிக்க வைத்தால் கூழாகிவிடும். ஆறு பக்கமும் சேராமல் காகிதத்தை உருவ முடியாது. ஆகவே பாதிப் போர்வை வெளியே போக வழியே இல்லை. முழுதும் முடிக்க வேண்டும், அதுவும் விரல் மடங்குவதற்குள்.

விரல்கள் மடங்கத் தொடங்கியிருந்தன. முதலில் சுண்டுவிரல், பிறகு மோதிர விரல். மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார்கள். அவிழ்த்ததும் மறுபடி உள்ளே சுருளும். பிறகு மற்ற விரல்களும் மரத்தன. எதையும் கண்ணால் பார்த்துத்தான் பிடிப்பேன். பார்வை அந்தப் பக்கம் போனால் பிடித்திருப்பது நழுவிவிடும்.

அதைவிடச் சங்கடம், கொட்டகையின் மங்கல் வெளிச்சத்தில் துண்டுக்குள் காகிதம் இருக்கிறதா, எடுத்தாயிற்றா என்று தெரியாமல் போனது. முன்பெல்லாம் தடவினால் தெரியும். ஒருநாள் பேச்சி கை நீட்டி வாங்கி, துணியைக் காதருகில் வைத்துக் கசக்கினாள்.

"இதுல காயிதம் கெடக்குளா. மொறுமொறுங்கு."

அன்றிலிருந்து அவள் காதுதான் எங்கள் இருவருக்கும் விரல். தன் பழைய கண்டாங்கிச் சேலையில் ஒரு மூலையைக் கிழித்துக் கொடுத்து, "இதையும் எங்கயாச்சும் சேத்துரு. ஒம்மவா கேட்டா, பேச்சி பெரியம்மா குடுத்ததுன்னு சொல்லு" என்றாள்.

மழை தொடங்கின மாதத்தில் பேச்சிக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வீங்கிக் காய்ச்சல் கண்டது. காய்ச்சலிலேயே போனாள். உடலைக் கேட்டு வர ஆள் இல்லை. ஓர வரிசைகள் பாக்கி இருந்தன. மீதித் துண்டுகளை நானே காதில் வைத்துக் கேட்டுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் வருவது எப்போது நின்றது என்று சரியாக நினைவில்லை. ஒருநாள் வாயிலுக்கு அவருடைய அக்கா வந்திருந்தார். நாங்கள் நங்கையா என்று கூப்பிடுவோம்.

"உங்கிட்ட மறைக்கக் கூடாது அம்மிணி. தம்பி வேற கண்ணாலம் பண்ணிட்டான்."

நான், "சரசு?" என்றேன்.

"எங்கிட்டத்தான் இருக்குது. என்னத்தான் அம்மாங்குது. நா சொல்லிக் குடுக்கல, அதுவாத்தான் சொல்லுது."

அதற்குள் முடிந்திருந்த போர்வையைக் கொதிக்க வைத்திருந்தார்கள். சிவப்புச் சாயம் இறங்கி, வெள்ளைத் துண்டெல்லாம் பழைய ரத்தக்கறை மாதிரி ஆகியிருந்தது. நங்கையா கைபடாமல் கோணிப்பையை விரித்துப் பிடித்தார். நான் உள்ளே போட்டேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வந்தவர் அவர் ஒருவர்தான்.

மூக்கில் கிருமி இல்லை என்று ஒருவழியாக வந்தது. வீட்டுக்குப் போகலாம், இனி யாருக்கும் ஒட்டாது என்றார் டாக்டர். ஆனால் போன உணர்ச்சி திரும்பாது என்றார். வீடு என்று எனக்கு எதுவும் இல்லை. நங்கையா தன் தோட்டத்துக் கோடியில் இருந்த சாளையில் (ஓலைக் குடிசையில்) இருக்கச் சொன்னார்.

நான் போய் நின்றபோது மார்கழிக் குளிர். மாட்டுக் கொட்டகையில் பிறந்து சில நாளான கன்றின்மேல் என் போர்வை கிடந்தது. பக்கத்தில் சிறுமி ஒருத்தி கன்றுக்குக் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"ஆருங்க?" என்று கேட்டாள்.

நங்கையா பின்னால் இருந்து, "உன்னையப் பெத்தவ கண்ணு" என்றார். பிள்ளை திரும்பவும் கன்றிடம் உட்கார்ந்துகொண்டாள். போர்வை நழுவியிருந்தது, சரியாக இழுத்துவிட்டாள்.

அவளாகச் சாளைப் பக்கம் வந்தது வெயில் காலத்தில். வேலிமுள் என் உள்ளங்கையில் ஏறியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ரத்தம் வருதுங்க. வலிக்கலீங்களா?"

"இல்ல கண்ணு."

அவள் முள்ளைப் பிடுங்கிப் போட்டாள். பிறகு தன் விரலால் என் சுண்டுவிரலைத் தொட்டாள்.

"இங்க தெரியுதுங்களா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

உள்ளங்கை, பெருவிரல் மேடு, மணிக்கட்டு என்று தொட்டுத் தொட்டு ஏறினாள். மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே வந்ததும் நான் "ம்" என்றேன். டாக்டர் சொல்லிக் கொடுத்தது அப்படியே வாயில் வந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.

"அப்ப இங்கிருந்துதானுங்களா நீங்க?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

அவள் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. அவள் கல்யாணத்தின்போது யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாதென்று நான் சாளையிலேயே இருந்துகொண்டேன். இப்போதும் எப்போதாவது வருவாள். வந்தால் என் முன்கையில் அந்த இடத்தில்தான் தொடுவாள்.

என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். தண்ணீர் சுடுகிறதா என்று முழங்கையால் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் போன வருஷங்கள் எத்தனை என்று கேட்டால் சொல்ல வராது. சரசு இரண்டு வயதாக இருந்தாள், பிறகு கன்றைச் சொறியும் வயதில் இருந்தாள். நடுவில் உள்ளது எனக்கு மரத்த விரல் மாதிரி. இருக்கிறது, தொட்டால் தெரியாது.

உங்களில் யாருக்காவது வேலை செய்யாத விரல் மரத்திருந்தால், அரிக்காத படை ஒன்று இருந்தால், யாராவது மெச்சினாலும் கேட்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது தொடச் சொல்லுங்கள். சீக்கிரம் டாக்டரிடம் போங்கள்.

ஊசி வாரம் ஒருமுறை போட்டார்களா இருமுறையா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எண்ணெயைப் பற்றி எழுதியதும் சரிதானா என்று தெரியவில்லை. பேச்சியின் தோட்டம் காந்தலூருக்கு மேலா கீழா என்பதும் அப்படியே. விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள். மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே என்று எழுதியிருப்பதை மட்டும் மாற்ற வேண்டாம்.