மீன்சாற்றுக்கு ஒரு பதிவு எண்

பிக்குன் காய்ச்சும் மீன்சாறு நாறும், அதில் பேச்சுக்கே இடமில்லை. சொங்கிராம் ஆற்றங்கரையில் மீன்காரர்கள் வீசியெறியும் குடலையும் செவுளையும் அள்ளி வருவாள். வெல்லப்பாகும் அன்னாசித் தோலும் சேர்த்து தூண்மேல் நிற்கும் வீட்டுக்கடியில் நீலப் பீப்பாயில் மூன்று மாதம் மூடி வைப்பாள். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி போதும், கஞ்சாச் செடி கருகருவென்று கிளம்பிவிடும். பாட்டில் விலை முப்பது பாட். டவுன் கடையில் தங்க எழுத்துப் போட்ட வெளிநாட்டு உரம் தொள்ளாயிரம். நாற்பது செடி வைத்திருக்கிறவன் அதை வாங்கினால் வீட்டில் எதைத் தின்பான்?

கஞ்சா வளர்த்தால் ஜெயில் என்றிருந்த காலத்தில் அவளை ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. மிளகாய்க்கு வாங்கிப் போனார்கள், அவ்வளவுதான். சட்டம் கஞ்சாவை அவிழ்த்துவிட்ட பிறகுதான் வியாபாரம் சூடுபிடித்தது. ரப்பர் தோட்டத்துக் கூலி வேலையை விட்டாள். சாற்றையே நம்பி உட்கார்ந்தாள். பிடித்தது சனியன்.

பக்கத்துத் தோட்டத்துப் பிரயூன் ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. தோட்டத்துக்குச் சான்றிதழ் இருந்தாத்தான் இனிமே கஞ்சாப் பூவை விக்கலாமாம். பதிவு நம்பர் இல்லாத உரம் ஒரு பாட்டில் கொட்டகையில இருந்தாக்கூடச் சான்றிதழ் கிடையாதாம்."

"நாத்தம் புடிச்ச தண்ணிக்கு நம்பரா? காது குத்தி மொட்டையும் போடச் சொன்னாங்களா?"

"சிரிக்காதீங்கக்கா. நீங்க நம்பர் வாங்கலைன்னா கஞ்சா வச்சிருக்கிற நாங்க ஏழு பேரும் அந்தத் தொள்ளாயிரத்துக்குத்தான் போகணும்."

அந்த ஏழு பேர்தான் அவள் பிழைப்பு. பஸ் ஏறினாள்.

விவசாய அலுவலகத்து அதிகாரி சின்ன வயசு, மரியாதைக்காரர். பாட்டிலைத் திறந்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இதுல நைட்ரஜன் எத்தனை சதவீதம், பெரியம்மா?"

"மழைக்கால மீனா, கோடை மீனா ஐயா?"

"எந்த மீனா இருந்தாலும் ஒரே அளவு வரணும்."

"அதை மீனுகிட்டதான் சொல்லணும்."

அவர் சிரிக்கவில்லை. அளவு ஒரே மாதிரி வரவேண்டுமென்று ஆற்று மீனை விட்டுப் பண்ணைக் கெளுத்திக்கு மாறினாள். பீப்பாய் நிற்கும் இடம் தொழிற்சாலை மாதிரி இருக்க வேண்டுமென்றார்கள், தரைக்கு சிமென்ட் போட்டாள். சோதனைக்கு எடுத்துப்போன பாட்டில் வெயிலில் உப்பி பஸ்ஸுக்குள்ளேயே வெடித்தது. நடுவழியில் இறக்கிவிட்டார்கள். மேலெல்லாம் மீன் வழிய ரோட்டோரம் நின்று, அந்த அதிகாரியின் ஏழு தலைமுறையையும் வாயாரத் திட்டினாள்.

ஒன்பதாம் முறை போனபோது விண்ணப்பத்தில் ஒரு கட்டம்தான் பாக்கி. எந்தப் பயிருக்கு?

"எல்லாத்துக்கும்தான் ஐயா. மிளகாய், கத்திரி, எது வச்சாலும் வரும்."

"ஒவ்வொரு பயிருக்கும் தனிச் சோதனை வேணும் பெரியம்மா. ஒண்ணே ஒண்ணு எழுதுங்க."

கஞ்சா என்று எழுதினாள். அதற்காகத்தானே இத்தனை அலைச்சல்!

"லேபிள் மழையில உரியக் கூடாது. உரிஞ்சா நம்பர் செல்லாது, பாத்துக்குங்க," என்றார்.

பதினான்கு மாதம் கழித்து நம்பர் வந்தது. உரியவே உரியாத பசை வேண்டுமென்று அச்சகத்தில் நின்று சண்டை போட்டு வாங்கினாள். பச்சை இலை போட்ட லேபிள்களை இருநூறு பாட்டிலில் தன் கையாலேயே ஒட்டி, தள்ளி நின்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

அந்த மாதமே சட்டம் குப்புற விழுந்தது. இனி டாக்டர் சீட்டு இல்லாமல் பூ விற்கக் கூடாது. டவுனில் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. ஏழு பேரும் செடியைப் பிடுங்கி எறிந்தார்கள்.

இருநூறு பாட்டிலும் ஒரு வாரம் அப்படியே கிடந்தன. பிறகு பிரயூன் வந்தான்.

"அக்கா, மிளகாய் வச்சிருக்கேன். மத்தவங்களும் மிளகாய்தான். ஆளுக்குப் பத்து பாட்டில் குடுங்க."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எதற்கும் கேட்டுவிடுவோமென்று அதிகாரிக்குப் போன் போட்டாள்.

"மிளகாய்க்கா? லேபிள்ல கஞ்சான்னு இருக்கே பெரியம்மா. அதை மிளகாய்க்கு வித்தா குத்தம். புது விண்ணப்பம் போடுங்க."

"லேபிள் ஒட்டாம வித்தப்போ மிளகாய்க்குத்தானய்யா வித்தேன்!"

"அப்போ உங்ககிட்ட நம்பர் இல்லையே," என்றார் அவர், அதே மரியாதையோடு.

போனை அரிசி மூட்டைமேல் எறிந்தாள். லேபிள் உரியட்டுமென்று அண்டாவில் தண்ணீர் நிரப்பிப் பாட்டில்களை முக்கினாள். பிரயூனும் உட்கார்ந்து சுரண்டினான். நகம் உடைந்ததுதான் மிச்சம்.

"என்ன பசைக்கா இது, உரியவே மாட்டேங்குது?"

பிக்குன் சிமென்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மீன் அறுக்கும் கத்தியால் அந்தப் பச்சை இலையைச் சுரண்டிக்கொண்டே அழுதாள்.