சாமி அலுமாரிக்குள் ஒரு லென்ஸ்

கொட்டாஞ்சேனையில் பழைய கமரா விற்கும் கடையொன்றில்தான் அந்த மேக்ரோ லென்ஸை வாங்கினேன். கிட்டப் போய் எறும்பின் மீசையைக்கூடப் படமெடுக்கிற சாதி. புதிதாக வாங்குவதென்றால் என் சம்பளத்துக்கு ஏழு ஜென்மம் வேண்டும். இது கைக்கு எட்டும் விலை. காரணம், உள்கண்ணாடியின் ஓரத்தில் முடியளவு பூஞ்சணம் பிடித்திருந்தது. கடைக்காரர் அதை ஒளிக்காமல் காட்டினார்.

"வளரவிடாமப் பாத்துக்கொண்டா படத்தில தெரியாது தம்பி. ஈரம் படாம, சூடான இடத்தில வையுங்க. வீடு எங்க?"

"வெள்ளவத்தை. கடற்கரைப் பக்கம்."

அவர் லென்ஸை இன்னொரு துணியிலும் சுற்றித் தந்தார். எங்கள் வீட்டில் உப்பே போத்தலுக்குள் தண்ணீராகிவிடும்.

ஈரம் அண்டாத இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அம்மாவின் சாமி அலுமாரி. உள்ளே ஒரு சின்னச் சிவப்பு பல்ப் இரவுபகலாக எரியும். கதவைத் திறந்தால் கதகதப்பு முகத்தில் அடிக்கும். சாமி கும்பிடாத நான், பிள்ளையாருக்குப் பக்கத்தில் லென்ஸை வைத்தேன்.

"இப்பவாவது நாளுக்கு ரெண்டுதரம் அதைத் திறக்கிறாய்" என்றார் அம்மா.

மூன்று மாதம் எனக்கு வேறு உலகம் தேவைப்படவில்லை. கறிவேப்பிலையின் அடியில் ஒட்டியிருந்த முட்டைகள், சீனியை இழுத்துப் போகும் எறும்பு, செவ்வரத்தம்பூவின் மகரந்தம். "முழுப்பூவா எடுக்க வராதோ?" என்று அம்மா கேட்பார். சந்தோஷமாக இருந்தேன். அதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு கனடாவில் பெரியப்பா இறந்துபோனார். நான் வேலை முடிந்து வந்தபோது பல்ப் அணைந்திருந்தது. அலுமாரி பூட்டியிருந்தது.

"செத்தவீட்டுத் துடக்கு. முப்பத்தோராம் நாள் முடியுமட்டும் சாமியைத் திறக்கேலாது" என்றார் அம்மா.

"என்ர லென்ஸ் உள்ளுக்க இருக்கு அம்மா."

"பெரியப்பா செத்துப்போனார். நீ லென்ஸைக் கதைக்கிறாய்."

பெரியப்பாவை நான் இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறேன். லென்ஸை நினைத்துத்தான் எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

மழை தொடங்கியது. சுவரெல்லாம் வியர்த்தது. சாவி வழக்கம்போல அலுமாரிக்கு மேலேதான் கிடந்தது. அம்மா சந்தைக்குப் போகும் காலைகளில் அதை எடுத்துப் பூட்டுக்குள் விடுவேன். திருப்புவதுதான் மிச்சம். கடவுள் இல்லை என்று வேலை செய்யும் கந்தோரில் மணிக்கணக்காக வாதாடுகிறவன், கை வராமல் நிற்பேன். பிறகு சாவியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவேன்.

முப்பத்தோராம் நாள் முடிந்ததும் அம்மா வீட்டைக் கழுவி, குளித்துவிட்டு வந்து கதவைத் திறந்தார். லென்ஸை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்து முடி கண்ணாடி முழுக்க வேர்விட்டிருந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு பல்பைப் போட்டார். ஒரு மாதமாகக் கும்பிடாதவர், கும்பிடுமுன் லென்ஸ் இருந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

மறுநாள் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் டோர்ச் அடித்துப் பார்த்தார். கழுவினாலும் கண்ணாடியில் விழுந்த தழும்பு போகாது என்றார். நடந்ததைச் சொன்னேன்.

"இவ்வளவு நாளும் பூட்டியே கிடந்ததா? சாவி இருக்கேல்லையா தம்பி?"

"இருந்தது" என்றேன்.