வைகையின் முதல் தண்ணீர்

இராமநாதபுரத்துக்கு மேற்கே, ஆற்றோரம், நான் வந்த பஸ் பழுதாகி நிற்கிறது. வறண்ட வைகையில் புதுத்தண்ணீர் வருகிறது. பெண்கள் குலவை போடுகிறார்கள். மடை பார்ப்பவர் ஒரு கை அள்ளிக் குடித்த பிறகுதான் குடிநீர் ஊருணிக்கு மடை திறப்பது வழக்கம். அவர் குனிந்து அள்ளுகிறார். கறுப்பு நுரை, மல நாற்றம். கையை உதறிவிட்டு என்னைப் பார்க்கிறார்.

"எந்த ஊருய்யா?"

"மதுரை."

"ஒங்க சாக்கடை வந்துருச்சு. தண்ணி எப்ப வரும்?"

எங்கள் தெருச் சாக்கடையும் ஆற்றில்தான் விழுகிறது. ஊர் பெருத்ததே தவிர, எங்களுக்கு வெட்கம் வரவில்லை. மாதக்கணக்கில் மணலில் தேங்கிய அசிங்கத்தை வெள்ளம் வழித்து வந்திருக்கிறது.

"தெறங்க மாமா, ஊருணி வெடிச்சுக் கெடக்கு. இதை விட்டா மறுதண்ணி ஏது?" என்கிறாள் குடத்தோடு நிற்கும் பெண் ஒருத்தி.

குலவை நின்றுவிட்டது. அவர் குடிக்காமலே மடையைத் திறக்கிறார்.