கிளிப் போட்ட பிறகு குறைந்த எண்

சென்ற ஆண்டு, பொங்கல் முடிந்த இரண்டாவது வாரம். கிருமாம்பாக்கத்தில் கரும்பு பயிரிடும் என் அண்ணனுக்கு இதய வால்வில் கசிவு. நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தநாளம் வழியாகக் குழாய் செலுத்தி, வால்வில் ஒரு கிளிப்பைப் பொருத்தினார்கள். மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டார்.

எனக்கு அப்போதே சந்தேகம். தொடையில் கொசு கடித்தாற்போல ஒரு புள்ளி, அவ்வளவுதான். பார்க்க வந்த பங்காளி ஒருவர் வேறு, "கிளிப்பு வெச்சத நீ பாத்தியா? வெளியதானே குந்தினு இருந்த?" என்று கிளறிவிட்டுப் போனார்.

எதையும் தேதி போட்டு எழுதிவைப்பது என் வழக்கம். மழையளவு, கரும்பு வெட்டிய நாள், அண்ணனின் எக்கோ முடிவுகள் எல்லாம் ஒரே நோட்டில் இருக்கும். ஒரு மாதம் கழித்து எடுத்த எக்கோவில், ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தன்னுள் நிரம்பும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தைத் தள்ளுகிறது என்று சொல்லும் எண், அறுபதிலிருந்து ஐம்பதாகியிருந்தது. இதயத்தைக் கெடுத்துவிட்டு மறைக்கிறார்கள் என்றே முடிவு கட்டினேன். இரண்டு எண்களையும் சிவப்பு மையில் வட்டமிட்டு அண்ணனிடம் காட்டினேன். "இன்னாடா, பத்து கொறஞ்சிக்குது?" என்றார்.

பத்து நாளில் அவர் கால் வீங்கியது. அண்ணி துருவிக் கேட்டதும்தான் சொன்னார், நோட்டைப் பார்த்த அன்றே மாத்திரைகளை நிறுத்திவிட்டதாக. "ஏமாத்துறானுங்கன்னு இவனே வட்டம் போட்டுக் காட்டுறான். அவனுங்க மாத்திர மட்டும் எதுக்கு?"

மூவரும் மருத்துவரிடம் ஓடினோம். நான் நோட்டோடு, சண்டைக்குத் தயாராக. அவர் நிதானமாக விளக்கினார். முன்பு இதயம் தள்ளிய ரத்தத்தில் ஒரு பங்கு கசிந்து பின்னால் திரும்பிக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்த கணக்குதான் அறுபது. கசிவு அடைபட்டபின் எண் குறைந்தாலும் உடம்புக்குப் போகும் ரத்தம் கூடியிருந்தது. திரையில் கிளிப்பையும் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "எத்தனை தலையணை வெச்சுப் படுக்கிறார்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அண்ணிதான் சொன்னார். "முன்ன மூச்சு முட்டும்னு நாலு வெச்சி சாஞ்சிக்கினே கெடப்பாரு சார். கிளிப்பு போட்டதுலேர்ந்து ஒண்ணுதான். மாத்திரய வுட்டதும் மறுபடி மூணு."

மாத்திரைகளைத் தொடர்ந்ததும் வீக்கம் வடிந்தது. "இனிமே வட்டம் போட்டா உன் மூஞ்சில போட்டுக்கடா" என்று சொன்னதோடு அண்ணன் விட்டுவிட்டார். மூச்சு முட்டாமல் அவர் மல்லாந்து படுத்து உறங்கிய முதல் நாள் எதுவென்று பிறகு அண்ணியைக் கேட்டேன், அவருக்கு நினைவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அந்த ஒரு தேதியைத் தவறவிட்டது இன்றும் என்னை உறுத்துகிறது.