வஸ்தாதைக் கட்டிய இடம்

அண்ணியின் வீடு மொத்தமும் சேர்ந்து லாரியில் பாதி இடத்தைக்கூட அடைக்கவில்லை. ஒரு பீரோ, அதன் கதவு திறந்துகொள்ளாமல் இருக்கச் சுற்றிய பழைய புடவை, அடுப்பு, குடங்கள், மாலை போட்ட என் அண்ணனின் படம். மீதி இடத்தில் பக்கத்து வீட்டுச் சாமான்களை ஏற்றினார்கள். சாமான்களின் மேல் பெண்களும் பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்தார்கள். கால்வாய்க் கரையில் ஒரு தெருவே வாழ்ந்துகொண்டிருந்தது. அதை அள்ளிப் போட ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. அண்ணி கடைசியாக வந்தாள். அவள் பின்னால் நாய் வந்தது. லாரிக்காரன் பார்த்துவிட்டுக் கத்தினான்: “மனுசனுக்கே எடம் இல்ல, நாய வேற இஸ்துகினு வர்றியா? அது ஏறுச்சின்னா நீ எறங்கு.”

நாயின் பெயர் வஸ்தாது. பெயர்தான் பயில்வான் பெயர், உடம்பு வெறும் விலா எலும்பு. பூனை சீறினால் அண்ணியின் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். என் அண்ணன் கிண்டலுக்கு வைத்த பெயர் அது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அண்ணன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகும், நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது அண்ணிக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். அதற்காகவே வேண்டாத நேரத்திலும் கூப்பிடுவாள். அண்ணி என்று முறைக்குத்தான் சொல்கிறேன், வயதில் அவள் என்னைவிடச் சின்னவள். எங்களுக்குள் வாடி போடிதான். அதே தெருவில் வளர்ந்த நான் அப்போது திருவொற்றியூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு அவளுக்குச் சாமான் இறக்க உதவியாகக் கிளம்பியிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் யாரும் நாயைக் கட்டி வளர்க்கமாட்டார்கள். நாய் தெருவுக்குச் சொந்தம். சோறு போடுகிறவள் வாசலில் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் வஸ்தாதுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அண்ணி ஷேர் ஆட்டோவில் ஏறினால் டோல்கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடிவரும். கண்டெய்னர் லாரிகள் போகிற சாலை அது. சக்கரத்துக்கு அடியில் போகப் பார்த்துத் தப்பித்திருக்கிறது. லாரி கிளம்பினால் இன்றைக்கும் ஓடிவரும் என்று அண்ணிக்குத் தெரியும். அதனால் அந்த நாயின் வாழ்நாளிலேயே முதல்முறையாக அதன் கழுத்தில் கயிறு போட்டாள். தெருக்கோடியில் அடிபம்பு ஒன்று இருந்தது. நிழல் விழுகிற இடம். அதில் கட்டினாள். ஒரு டப்பாவில் தண்ணீரும் ஒரு தட்டில் சோறும் வைத்தாள். இரண்டு நாள் கழித்துத்தான் இடிப்போம் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். “சாங்காலம் வந்து கூட்டிகினு போறேன். கத்தி மானத்த வாங்காத, இன்னா?” என்று நாயிடம் சொல்லிவிட்டு லாரியில் ஏறினாள். நாய் கத்தவில்லை. கயிறு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. லாரி நகர்ந்ததும் ஓடிவரப் பார்த்து, கழுத்து இழுபட்டு, ஏன் நகர முடியவில்லை என்று திரும்பிப் பம்பைப் பார்த்தது.

ஊரின் வடகோடியில் இருந்தவர்களைத் தென்கோடியில் கொண்டுபோய் இறக்கினார்கள். அடுக்கடுக்காகக் கட்டடங்கள். கீழே ஒரு மேசை போட்டு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். “பேரு கூப்பிடும்போது ஆள் இல்லன்னா வீடு கேன்சல்” என்று மைக்கில் சொன்னார்கள். மதியம் கூப்பிடவில்லை. சாயங்காலமும் கூப்பிடவில்லை. அண்ணி எழுந்து நிற்பாள், பஸ் வருகிற பக்கம் பார்ப்பாள், மறுபடி உட்காருவாள். “நீ இருடி, நான் ஓடிப் போய் அவுத்துட்டு வந்துர்றேன்” என்றாள். ஒதுக்கீடு அவள் பெயரில், போட்டோ அவளுடையது, கைரேகை அவளுடையது. என்னை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? நான் போகிறேன் என்றேன். தெரியாத இடத்தில் பீரோவையும் தன்னையும் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி நான் போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிடும் என்று அவளே தடுத்தாள். ஊருக்கு போன் போட்டுச் சொல்லலாம் என்றால் சொல்வதற்கு அங்கே யாரும் இல்லை. எல்லோரும் எங்களோடு இதே மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். சாவி கைக்கு வந்தபோது கடைசி பஸ் போய்விட்டிருந்தது.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் திரும்பினோம். தெரு இல்லை. நாங்கள் கிளம்பிய அன்று மதியமே மெஷின் வந்துவிட்டதாம். ஓடு, செங்கல், தகரம் எல்லாவற்றையும் தள்ளி ஒரே மட்டமாக்கியிருந்தார்கள். அடிபம்பு இருந்த இடம் எது என்று கண்டுபிடிப்பதற்கே வெகுநேரம் ஆனது. அண்ணி அந்த மண்மேட்டின் மேல் ஏறி நின்று “வஸ்தாதூ, வஸ்தாதூ” என்று கூப்பிட்டாள். அந்தப் பெயரைச் சொல்லும்போது முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. மெஷின் ஓட்டுகிற பையனிடம் கேட்டோம். “நாயா? நான் பாக்கலக்கா. தூசியில ஒண்ணியும் தெரியாது. இருந்தா கத்தியிருக்கும்ல?” என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு நாள் கழித்து என்று வாய்கூசாமல் சொன்னவர்கள்மேல் இருக்கிறது. அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

எல்லோரும் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். எவனாவது அவிழ்த்து விட்டிருப்பான், நாய் வேறு தெருவில் ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருக்கும் என்றார்கள். நானும் சொன்னேன். அண்ணி அப்போது தண்டையார்பேட்டையில் பழைய பேப்பர் குடோனில் வேலை பார்த்தாள். அட்டைப்பெட்டியும் பேப்பருமாக ஆள் உயரத்துக்கு அடுக்கி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவதுதான் வேலை. அவள் கட்டிய பண்டல் லாரியிலிருந்து விழுந்தாலும் பிரியாது. இழுக்க இழுக்க இறுகும். குடோன் முதலாளி மற்றவர்கள் கட்டியதைத் திரும்பக் கட்டச் சொல்வார், இவள் கட்டியதைத் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார். அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை. அந்தக் கையால்தான் நாயையும் கட்டியிருந்தாள். நான் ஆறுதல் சொன்னபோது என்னை ஒரு பார்வை பார்த்தாள். “என் முடிச்ச எவன்டீ அவுப்பான்?” என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

குடோன் வேலையிலிருந்து யாரிடமும் சொல்லாமலே அவள் நின்றுவிட்டாள். புது இடத்தில் வீட்டுவேலைக்குப் போனாள். வருஷங்கள் ஓடின. கால்வாய்க் கரை கொஞ்ச நாள் குப்பைமேடாகக் கிடந்தது. பக்கத்தில் மூடிக்கிடந்த ஃபேக்டரியை இடித்து உயரமான அடுக்குமாடிகள் வந்தன. அதற்குப் பிறகு எங்கள் தெரு இருந்த இடத்தில் கம்பிவேலி போட்டார்கள். என்ன வரப்போகிறது என்று தினமும் வேலைக்குப் போகும்போது பார்த்துக்கொண்டே போவேன். பச்சைப் புல் விரித்தார்கள். நாய்கள் ஏறி இறங்கச் சின்னப் பலகைகள், புகுந்து போகக் குழாய்கள், தண்ணீர்த் தொட்டிகள். ‘நாய்கள் கட்டின்றி விளையாடும் பூங்கா’ என்று போர்டு வைத்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நாய்கள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அவை ஓடட்டும். ஆனால் மனிதர்கள் இருக்கக்கூடாத, கால்வாய் பொங்கினால் மூழ்கிவிடும் என்று சொல்லி எங்களைத் துரத்திய இடம் அது.

அண்ணியிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். யாரோ சொல்லிவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “இன்னாம்மே நாத்தனாரே, நாய்க்கெல்லாம் பார்க்கு தொறந்துகீறாங்களாமே, எனக்கு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? வா, பாத்துட்டு வரலாம்” என்றாள். வாய்தான் கிண்டல் பேசியது. நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், ஆனால் முகம் துக்க வீட்டுக்குப் போகிறவள் மாதிரி இருந்தது.

வாசலில் காவலாளி மறித்தார். “நாய் எங்கம்மா?”

“நாய் இல்ல. சும்மா பாக்கலாம்னு வந்தோம்.”

“நாய் இல்லாதவங்க உள்ள போவக்கூடாதும்மா. அதான் ரூல்ஸு.”

நான் கத்திவிட்டேன். “யோவ், அன்னிக்கு நாயோட லாரில ஏறாதன்னீங்க. இன்னிக்கு நாய் இல்லாம வராதன்றீங்க. நாங்க எப்பதான்யா வர்றது?”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “எம்மேல கத்தி இன்னாம்மா யூசு? நானும் ரெண்டு தெரு தள்ளி வாடகைக்கு கீறவன்தான். கேமரா கீது, பேஜாரா பூடும்” என்றார். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தாள். “உட்றீ. அவரு இன்னா பண்ணுவாரு?” என்றாள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். மண்ணைப் பார்க்கவில்லை, நாய்களின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றின் கழுத்திலும் கயிறு இல்லை.

அப்போது அடுக்குமாடியிலிருந்து ஒரு பையன் வந்தான். கல்லூரிப் படிப்பு முடித்திருப்பான். பெரிய மண்நிற நாய் அவனை இழுத்துக்கொண்டு வந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டு, “ரெண்டு பேரும் என்கூட வாங்க ஆன்ட்டி, எங்க நாய்க்குச் சொந்தக்காரங்கன்னு சொல்லிக்கலாம்” என்று சிரித்தான். காவலாளி வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கே இரண்டு கதவுகள். வெளிக்கதவை மூடிவிட்டு, இடையில் உள்ள சின்னக் கூண்டில் நின்று நாயின் கயிற்றைக் கழற்றிவிட வேண்டும். பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும். பையனின் ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையால் கதவைப் பிடித்திருந்தான். “ஆன்ட்டி, கொஞ்சம் கழட்டி விடறீங்களா?” என்றான். அண்ணி குனிந்தாள். முடிச்சைத் தேடினாள். முடிச்சே இல்லை, ஒரு இரும்புக் கொக்கி இருந்தது. அவள் விரல்கள் அதைச் சுற்றிச் சுற்றித் தடவின. நாய் அவள் முகத்தை நக்கியது. “அந்தச் சின்னத கட்டை விரலால பின்னால தள்ளுங்க, அவ்ளோதான்” என்றான் பையன். தள்ளினாள். டக் என்று விட்டுவிட்டது. உள்கதவு திறந்ததும் நாய் திரும்பிப் பார்க்காமல் புல்மேல் பாய்ந்து ஓடியது.

அண்ணி உடனே நிமிரவில்லை. கையில் வெறும் கயிறு. “இவ்ளோதானா?” என்று கேட்டாள். பையனிடமா, என்னிடமா, தெரியவில்லை. “ஒரு வெரலு. இவ்ளோதானா?”

நான் அவள் தோளைத் தொட்டு உள்ளே கூப்பிட்டேன். பெஞ்சு இருக்கிறது, உட்காரலாம் என்றேன். அவள் வரவில்லை. வெளிக்கதவு திறந்து ஒரு பெண்மணி குள்ளமான வெள்ளை நாயோடு கூண்டுக்குள் வந்தாள். அவள் குனிவதற்குள் அண்ணி குனிந்துவிட்டாள். டக். அந்த நாயும் ஓடியது. அந்தப் பெண்மணி அண்ணியைப் பூங்காவில் வேலை செய்பவள் என்று நினைத்து நன்றி சொன்னாள். அண்ணி தலையாட்டினாள். அடுத்து ஒரு தாத்தா வந்தார், அடுத்து அம்மாவும் மகளும் வந்தார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருட்டத் தொடங்கியது. விளக்குகளைப் போட்டார்கள். எனக்குக் கால் வலித்தது, அவள் பஸ் ஏற வேண்டிய நேரமும் தாண்டிக்கொண்டிருந்தது. “போதும் வாடி” என்றேன்.

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் யாரோ ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

“இருடி,” என்றாள். “இன்னும் ஒண்ணு வருது.”