பூக்கட்டிப் பார்த்து எடுத்த கார்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். எங்கள் ஊர் குனோங் ராபாட்டில், பேரங்காடி வாசலில் மேசை போட்டு, கிரெடிட் கார்டுக்கு ஆள் சேர்த்த ஒருவரைப் பற்றியது இது. ஒல்லியான உருவம், நெற்றியில் விபூதி. பேசும்போதெல்லாம் கழுத்து டையைத் தடவிக்கொள்வார்.

என் கணவரின் டயாலிசிஸ் செலவுக்கு ஒரு கார்டு எடுக்க நினைத்தேன். மேசைக்காரர் கார்டுக்கு ஒன்றாகத் தந்த விளம்பரத் தாள்களை, பூக்கட்டிப் பார்ப்பதுபோல் வாழையிலையில் தனித்தனியாக மடித்து முருகன் முன் வைத்தேன். கண்ணை மூடி எடுத்த ஒன்றோடு அவரிடம் போனேன்.

“சாமி இதைத்தான் கொடுத்துச்சு தம்பி.”

“இது பெட்ரோலுக்கு உள்ள கார்டு, அக்கா. வீட்டுல காடி இருக்கா?”

“காரெல்லாம் இல்லப்பா, பஸ்லதான் போறோம்.”

“முருகனே மயில்லதான் போறாரு, அவருக்கு எதுக்குக்கா பெட்ரோல் கார்டு?” என்று சிரித்தார். எதற்காகக் கார்டு என்று சொன்னதும், டையிலிருந்து கை இறங்கியது.

“அதுக்கு இதுல எதுவும் சரிப்படாதுக்கா. வட்டியே முழுங்கிடும். எடுக்காதீங்க லா.”

“அப்போ நான் என்னதான் செய்ய?”

“தெரியலக்கா.”

நான் எடுக்கவில்லை. செலவு தாங்காமல் சிகிச்சை இடையிடையே தடைப்பட்டு நடந்தது, கணவர் இறந்துபோனார். அந்த மனிதர் எங்களைக் காப்பாற்றினாரா, கைவிட்டாரா என்று சாமியறையில் நிற்கும்போதெல்லாம் கேட்கிறேன்.

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள், அவர் வழி காட்டினார் என்று சேர்த்துவிடாதீர்கள். தெரியவில்லை என்றுதான் சொன்னார்.